கை இருந்த நேரம்

ஆகஸ்ட் 18, திங்கள்

டாக்டர் சொன்னதால் இந்த நோட்டு. பகலில் எனக்கு அசதி வருகிறது என்று என் மனைவி சண்முகவடிவு அவரிடம் புகார் சொல்லியிருக்கிறாள். அசதி வரும் நேரத்தை எல்லாம் தேதி போட்டு எழுதி, இரண்டு மாதம் கழித்துக் கொண்டுவரச் சொன்னார். இன்று அசதி வரவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

அலுவலகத்துக்குப் பன்னிரண்டு புது மவுஸ்கள் வந்தன. பதினொன்று ஆபரேட்டர்களுக்கு. ஒன்று, அவர்களைக் கண்காணிக்கும் எனக்கு. பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கிறோம். பழைய நிலப் பத்திரங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடித்து ஏற்றுவது எங்கள் தொழில். எழுதியவரும் வாங்கியவரும் விற்றவரும் போய்ச் சேர்ந்த பிறகு நிலம் மட்டும் மிஞ்சுகிறது. அதை நாங்கள் பக்கம் பக்கமாக அடிக்கிறோம்.

பழைய மவுஸ்கள் பேட்டரியை மிட்டாய் போலத் தின்றன. புதியவை ஒரே பேட்டரியில் ஒன்றரை ஆண்டு ஓடுமாம். எப்படி என்று கேட்டேன். விற்க வந்திருந்த, டை கட்டிய இளைஞர் உற்சாகமாகிவிட்டார்.

"இதுக்கு முதுகுல ஒரு கண்ணு இருக்கு சார், பாருங்க, இந்தக் கறுப்பு வட்டம். இதுல இருந்து நமக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் போய்க்கிட்டே இருக்கும். கை கிட்ட வந்தா கையில பட்டுத் திரும்பும். ஆளு வந்தாச்சுன்னு மவுஸ் முழிச்சுக்கும். கை போயிட்டா ரெண்டு செகண்டுல தூங்கிரும். பேட்டரி மிச்சம்."

"கை வந்து சும்மா இருந்தா?"

"முழிச்சுத்தான் இருக்கும். கை இருக்கா இல்லையாங்கறது மட்டும்தான் சார் அதுக்குத் தெரியும். கை என்ன செய்யுதுன்னு அதுக்குக் கவலை இல்ல."

ஒரு ஆர்வத்தில்தான் கேட்டேன்.

தொட்டால்தான் விழிக்கிற இன்னொரு வகையும் இருக்கிறதாம். விலை கூடுதல். தலைமையகம் நெருங்கினாலே விழிக்கிற வகையை வாங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

எங்கள் மேலாளர் தீனதயாளன் சென்னைக்காரர். வயது முப்பத்திரண்டு. எதையும் அளக்க முடியும் என்று நம்புகிறவர். அளக்க முடியாதது இல்லை என்பதோடு நிறுத்தினால் பரவாயில்லை. அளந்துவிட்டால் புரிந்துவிட்டது என்றும் நம்புகிறார்.

ஒவ்வொரு மவுஸும் தான் விழித்திருந்த நேரத்தைத் தனக்குள்ளேயே குறித்துவைக்கிறது. பேட்டரி இன்னும் எத்தனை நாள் வரும் என்று சொல்வதற்கு. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்தக் கணக்கை அதனிடம் ஒப்படைத்துவிடுகிறது. இன்று தீனதயாளன் அந்தப் பக்கத்தைத் திறந்து, பத்து நிமிடம் அதையே மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"குற்றாலிங்கம் சார், இது பேட்டரியோட கணக்கு இல்ல. ஆளோட கணக்கு."

மாலைக்குள் அதற்கு ஒரு தலைப்பு வைத்துவிட்டார்: 'கை இருந்த நேரம்'. நாள்தோறும் காலை 9.35-க்கு அது தானாகவே சென்னைத் தலைமையகத்துக்குப் போகும்படி ஏற்பாடும் செய்துவிட்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. அசதி இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முதல் பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டது. நான் முதலிடம். சராசரியாக ஒரு நாளைக்கு ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். மதியம் ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை என் கை ஒரு வினாடிகூட மவுஸை விட்டு அகலவில்லை என்று தீனதயாளன் எல்லோருக்கும் எடுத்துக் காட்டினார். அந்த நேரத்தில் நான் கண்ணை மூடி, அன்றைய வேலையை மனத்துக்குள் ஒழுங்குபடுத்துவது வழக்கம். அது பட்டியலில் தெரியாது. கை மட்டும் தெரியும்.

மூன்றாவது மேஜை ஜாகிர் எழுந்து நின்று, "ஒங்க கைக்கு ஒரு சால்வை போத்தணும் சார்" என்றான்.

கடைசி இடம் ஆவுடையம்மாள். நாளுக்குப் பதினொரு நிமிடம். பத்தொன்பது ஆண்டுகளாக இந்த அலுவலகத்தில் அடிக்கிறாள். ஆண்டுதோறும் அக்டோபர் 31-ல் ஒப்பந்தம் முடியும், நவம்பரில் புதுப்பிப்பார்கள். எல்லா ஆபரேட்டர்களுக்கும் அப்படித்தான். இந்த ஆண்டு பட்டியலைப் பார்த்துத்தான் புதுப்பிப்பார்கள் என்று தீனதயாளன் அறிவித்தார்.

ஆவுடை சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் பத்திரத்துக்குத் திரும்பிவிட்டாள்.

செப்டம்பர் 3, புதன்

பதினொரு நிமிடம் என்பது என் ஆர்வத்தைக் கிளறியது. மவுஸில் கோளாறு இருக்கலாம் அல்லவா? உணவு இடைவேளையில் அவள் மவுஸை என் மேஜைக்குக் கொண்டுவந்து கை வைத்தேன். விழித்தது. என் மவுஸை அவள் மேஜையில் வைத்தேன்.

"என்ன சார், எலிக்குச் சம்பந்தம் பேசி முடிக்கியளா?" என்றாள்.

"கைய இதுக்கு மேல கொண்டாங்க ஆவுடை."

"ரேகை பாக்கப் போறியளா? பாத்துச் சொல்லுங்க, நவம்பர்ல வேல இருக்குமான்னு."

கையைக் கொண்டுவந்தாள். மூன்று விரல் உயரத்திலேயே விழித்தது. நல்ல கை.

செப்டம்பர் 4, வியாழன்

சோதனை முடிவை எழுதிக் கொடுத்தேன். கருவியில் குறையில்லை. கையிலும் குறையில்லை. இரண்டும் சந்திப்பதில்லை.

எழுதியபோது இது சுருக்கமாகவும் நேர்மையாகவும் இருப்பதாகத் தோன்றியது. தீனதயாளன் இதைத் தன் கடிதத்தில் அப்படியே போட்டு, 'வேலையில் ஈடுபாடின்மை' என்று தலைப்புக் கொடுத்து ஆவுடைக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பிவிட்டார். கீழே, 'சோதித்தவர்: குற்றாலிங்கம்'.

செப்டம்பர் 5, வெள்ளி

அவளுடைய பதில் வந்தது. பிழையே இல்லாத ஒரு பக்கம். ஒரு பகுதியை நகல் எடுத்துவைக்கிறேன்:

'என் முன் வைக்கப்பட்டுள்ள மவுஸ் நாள் முழுவதும் தூங்குவதாகத் தெரிவித்திருக்கிறீர்கள். அதை எழுப்ப வேண்டிய அவசியம் எனக்கு இதுவரை ஏற்படவில்லை. அது மின்சாரத்தைச் சேமிப்பதற்காக வாங்கப்பட்டது என்று கேள்விப்பட்டேன். அந்த வகையில் இந்த அலுவலகத்திலேயே அதிகம் சேமித்திருப்பது நான்தான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

"திமிரப் பாத்தீங்களா சார்?" என்றார் தீனதயாளன். நடை நன்றாக இருந்தது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

செப்டம்பர் 9, செவ்வாய்

மின்விசிறி சத்தம் போடுகிறதா என்று பார்க்க ஆவுடையின் பின்னால் அரைமணி நேரம் நின்றேன். விசிறி நன்றாக இருக்கிறது.

அவள் கைகள் கீபோர்டை விட்டு எழுவதே இல்லை. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு ஒரு விசையில் தாவுகிறாள். சேமிக்க இரண்டு விசை, அடுத்த பத்திரத்தைத் திறக்க இரண்டு விசை. மற்றவர்கள் அடிப்பதும், கையை எடுத்து மவுஸில் தடவித் தேடுவதும், திரும்ப வருவதுமாக இருக்கும்போது அவள் அடுத்த கிராமத்துக்குப் போய்விடுகிறாள்.

"மவுஸத் தொடவே மாட்டியளோ?" என்று கேட்டேன்.

"ஒரு தடவ கை அங்க போயிட்டு வந்தா ரெண்டு வார்த்த போயிருது சார். நாளுக்கு ஐநூறு தடவ போனா ஒரு பத்திரமே போயிரும். எதுக்கு?" திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "விசிறி ஓடுதா சார்?"

"ஓடுது."

இதை மேலாளரிடம் சொல்ல வேண்டும். அவர் இன்று கூட்டத்தில் இருந்தார்.

செப்டம்பர் 10, புதன்

இன்றும் கூட்டம்.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று கூட்டம் இல்லை. எனக்குத் தலைவலி.

செப்டம்பர் 12, வெள்ளி

தீனதயாளன் தனியாக அழைத்து, டீ வாங்கிக் கொடுத்தார். தென் மாவட்டங்களில் எங்களுக்கு மூன்று அலுவலகங்கள் உண்டு. மூன்றுக்கும் சேர்த்து ஒரு மேற்பார்வையாளர் வரப்போகிறார். தொடர்ந்து இரண்டு மாதம் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவரைப் போட வேண்டும் என்று தலைமையகத்துக்கு எழுதியிருக்கிறாராம்.

"யாருன்னு நான் சொல்லணுமா சார்?"

வீட்டில் சொன்னேன். "மூணு ஆபீசு! அப்ப மூணு எடத்துல ஒறங்கலாம்" என்றாள் சண்முகவடிவு. அவளுக்கு நிர்வாகம் புரியாது.

செப்டம்பர் 15, திங்கள்

வேறு எதையோ தேடும்போது ஆகஸ்ட் மாதக் கோப்புகள் கையில் அகப்பட்டன. எங்கள் வேலையில் மொத்தப் பக்க எண்ணிக்கை மட்டும்தான் சென்னைக்குப் போகும். யார் எத்தனை என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் அடித்தவரின் முதலெழுத்து ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கும். சும்மா எண்ணிப் பார்த்தேன்.

மொத்தம் 2,904. அதில் 'ஆ' 611.

தவறாக எண்ணியிருப்பேன் என்று தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எண்ணினேன். 611. பதினொரு பேர் அடிப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஒருத்தி அடிக்கிறாள்.

என் முதலெழுத்துள்ள பக்கம் எதுவும் இல்லை. கண்காணிப்பாளர் அடிக்க வேண்டியதில்லை. இதைக் குறிப்பிடவேண்டிய தேவையும் இல்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

பட்டியல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஜாகிர் இடக்கையை மவுஸ் மேல் நிரந்தரமாக வைத்துவிட்டு வலக்கையால் மட்டும் அடிக்கிறான். "பிள்ளையத் தூங்க வச்ச மாதிரி இருக்கு சார், கைய எடுத்தா முழிச்சு அழுதுருமோன்னு பயமா இருக்கு" என்றான். நடப்பது நேர்மாறு என்று விளக்கினேன். கை எடுத்தால்தான் அது தூங்கும். "அப்ப நம்மளவிட அதுக்கு நல்ல வேல" என்றான்.

இப்போது பத்துப் பேர் ஒற்றைக் கையால் அடிக்கிறார்கள். இந்த மாதம் பக்கங்கள் குறைந்தன. கை இருந்த நேரம் இருமடங்காயிற்று. தீனதயாளன் மகிழ்ச்சியாக இருக்கிறார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மாலை நான்கு மணிக்கு ஆயுத பூஜை. நாளையும் மறுநாளும் விடுமுறை; வெள்ளிக்கிழமைக்குப் பதிலாக வேறொரு சனிக்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டதால் சேர்ந்தாற்போல ஐந்து நாள். தீனதயாளன் மதியமே சென்னைக்கு ரயிலேறிவிட்டார்.

வயதில் மூத்தவன் என்று சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்கள். முன்பெல்லாம் கம்ப்யூட்டருக்கு எங்கே பொட்டு வைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. இந்த மவுஸ்களில் அந்தக் குழப்பம் இல்லை. முதுகில் வட்டமாக ஒரு இடம் அதற்கென்றே விட்டதுபோல இருக்கிறது. கச்சிதமாக ஒரு விரல் சந்தனம், நடுவில் குங்குமம். வரிசையாக வைத்துக்கொண்டு போனேன். ஜாகிரின் மேஜையில் தயங்கினேன்.

"வைங்க சார், நம்ம மவுஸ் மட்டும் என்ன பாவம் செஞ்சுது?"

ஆவுடையிடம் வந்தபோது அவள் தன் மவுஸைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"இதுக்கு வேண்டாம் சார். கீபோர்டுல வைங்க. நான் சோறு திங்கது அதுல."

கீபோர்டின் ஓரத்தில் வைத்தேன். எல்லோரும் பொரி வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள். நான் கதவைப் பூட்டி, சாவியைக் கீழே மருந்துக் கடையில் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

விடுமுறை. முழு நாளும் ஓய்வு. உறங்கும்போது என் வலது கை எதையோ பொத்திப் பிடித்ததுபோல வளைந்தே இருக்கிறதாம். சண்முகவடிவு அதில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துப் பார்த்திருக்கிறாள். இரண்டு மணி நேரம் விழவில்லை என்றாள்.

அக்டோபர் 6, திங்கள்

காலையில் கடையிலிருந்து சாவி வாங்கித் திறந்தேன். பூ வாடியிருந்தது. பழத்தில் எறும்பு. கம்ப்யூட்டர்களைப் போட்டோம். ஏழு மவுஸ்கள் விழித்தே இருந்தன. நான்கில் பேட்டரி அடியோடு தீர்ந்திருந்தது. புதிதாகப் போட்டதும் அவையும் கணக்கை ஒப்படைத்தன. எந்தக் கணக்கை ஒப்படைத்தன என்பதை நாங்கள் கவனிப்பதற்குள் மணி 9.35 ஆகிவிட்டது. பட்டியல் போய்விட்டது.

பூட்டிய அலுவலகத்தில் பதினொரு பேர் ஐந்து நாள் இரவும் பகலும் வேலை பார்த்திருக்கிறார்கள். நான் நூற்று முப்பத்தேழு மணி நேரம். ஜாகிர் நூற்று முப்பத்தாறு. நான்கு பேர் மட்டும் சனிக்கிழமை வாக்கில் களைத்து விழுந்திருக்கிறார்கள்.

ஆவுடையம்மாள்: பூஜ்யம்.

அக்டோபர் 8, புதன்

தலைமையகத்திலிருந்து பாராட்டுச் சுற்றறிக்கை. 'பண்டிகை நாள்களிலும் இரவு பகல் பாராது உழைத்த பாளையங்கோட்டை அலுவலகத்தை மற்ற அலுவலகங்கள் பின்பற்ற வேண்டும்.' ஒரு நாளில் இருபத்துநான்கு மணி நேரமும் எப்படி ஒருவர் கை வைத்திருக்க முடியும் என்று சென்னையில் எவருக்கும் சந்தேகம் எழவில்லை. எண் பெரிதாக இருந்தால் சந்தேகம் சிறிதாகிவிடும்போல.

கடைசிப் பத்தி: 'சக ஊழியர்கள் இவ்வாறு உழைக்கையில் ஒரு நிமிடமும் ஒத்துழைக்காத ஆபரேட்டர் ஒருவரின் ஒப்பந்தத்தை, வேலை செய்யாதவர் என்ற குறிப்புடன் முடித்துக்கொள்ளப் பரிந்துரைக்கப்படுகிறது. விசாரணை 15-ஆம் தேதி.'

அக்டோபர் 9, வியாழன்

காரணம் என்ன என்று எனக்கு அடக்க முடியாத ஆர்வம். ஒரு மவுஸை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறை மேடையில் வைத்து, கண்ணின் மேல் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன்.

சந்தனம்: விழித்தே இருக்கிறது. காய்ந்த பிறகும். விபூதி குழைத்தது: அதுவும். தோசை மாவு: அதுவும். கண் மை: தூங்கிவிட்டது. துடைத்துவிட்டு மேலே ஒரு உளுந்து வடையைப் பிடித்துக் காட்டினேன். உடனே விழித்தது.

"வடைக்குமா வேல போட்டுக் குடுத்திருக்காவ?" என்றாள் சண்முகவடிவு.

ஆக, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற எதுவும் அதற்குக் கைதான். பூட்டிய அறையில் ஐந்து நாள் உழைத்தது நான் வைத்த பொட்டு. காரணம் தெரிந்ததில் மனம் நிறைந்துவிட்டது. அந்த நிறைவு படுக்கப் போகும் வரைதான் இருந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

தீனதயாளனிடம் சந்தன விஷயத்தைச் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"எனக்கு திங்கக்கிழமையே தெரியும் சார். நான் என்ன முட்டாளா?"

"அப்ப சென்னைக்குச் சொல்லிரலாமே?"

"சுற்றறிக்கை வந்தாச்சு. மத்த ஆபீஸ் எல்லாம் நம்மளப் பாத்துக் கத்துக்கறாங்க. இப்ப போய் சந்தனம்னு சொன்னா என் மானம் என்ன ஆவுறது?" ஒரு தாளை நகர்த்தினார். "பதினஞ்சாம் தேதி விசாரணைல சாவிப் பதிவேடு கேப்பாங்க. லீவு நாள்ல ஆபீஸ் திறந்திருந்துச்சுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். மேற்பார்வையாளர் ஆர்டரும் அன்னிக்கேதான் வருது."

"ஆவுடைக்கு வேல போயிருமே சார்."

"அவங்க எப்படியும் கடைசிதானே சார்? சந்தனம் இல்லன்னாலும் பதினோரு நிமிஷம்தான். நீங்களே சோதிச்சு எழுதிக் குடுத்தீங்களே."

தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

மாலை ஐந்தரைக்கு எல்லோரும் போன பிறகு ஆவுடை என் மேஜைக்கு வந்தாள். பத்தொன்பது ஆண்டில் அவள் என் மேஜைக்கு வந்தது இது மூன்றாவது முறை என்று நினைக்கிறேன்.

"ஒங்க கையாலதான சார் சந்தனம் வச்சிய?"

"ஆமா."

"நீங்கதான பூட்டுனிய?"

"ஆமா."

"அதக் கேக்கத்தான் வந்தேன்." போகாமல் நின்றாள். "போகச் சொன்னா போயிருவேன் சார். கைத்தொழில் இருக்கு, எங்க போனாலும் அடிப்பேன். ஆனா வேல செய்யாதவன்னு எழுதி அனுப்பினா எவன் உள்ள விடுவான்? நான் வேல செய்யாதவளா சார்?"

"நீங்க நல்லாத்தான் அடிக்கிய. அது எனக்குத் தெரியும்."

"எப்ப இருந்து தெரியும்?"

தலைமையகத்துக்கு அவசரமாக ஒரு அழைப்புப் பேச வேண்டியிருந்தது என்றேன். போனை எடுத்துக் காதில் வைத்தேன். அவள் படியிறங்கும் சத்தம் முடியும்வரை வைத்திருந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

எப்ப இருந்து தெரியும்?

அக்டோபர் 15, புதன்

விசாரணை காலை பதினொரு மணிக்கு, மேலாளர் அறையில், திரை வழியாக. சென்னையில் நிர்வாக அதிகாரி மதுரவல்லி. ஐம்பது வயதிருக்கும். இந்தப் பக்கம் தீனதயாளன், ஆவுடை, நான். மடித்த தாள் என் சட்டைப் பையில் இருந்தது.

தீனதயாளன் முதலில் பட்டியலைப் படித்தார். அப்போது தான் சென்னையில் இருந்ததால் கருவிகளை நம்பவேண்டியிருந்தது என்று ஒரு வாக்கியத்தை நடுவில் செருகினார். சுற்றறிக்கையைப் புகழ்ந்தவர், தனக்கென ஒரு கதவையும் திறந்துவைத்தார். திறமையான மனிதர்.

"குற்றாலிங்கம், லீவு நாள்ல ஆபீஸ் திறந்திருந்துதா?" என்றார் மதுரவல்லி.

"இல்ல மேடம். நான்தான் பூட்டினேன். திங்கக்கிழம நான்தான் திறந்தேன்."

என் குரல் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. தீனதயாளன் என் சட்டைப் பையைப் பார்த்தார்.

"அப்போ வேலை செஞ்சது யாரு?"

"சந்தனம் மேடம்."

விளக்கினேன். கண், வெளிச்சம், தோசை மாவு, வடை. வடைக்கு வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஆவுடை கீபோர்டில் பொட்டு வைக்கச் சொன்னதால் அவள் மவுஸ் மட்டும் உண்மையைச் சொன்னது என்றேன். ஆகஸ்ட் கோப்பை எடுத்துப் பக்கங்களின் அடியில் இருந்த எழுத்தைத் திரைக்குக் காட்டினேன். அறுநூற்றுப் பதினொன்று.

மதுரவல்லி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இத எப்போ எண்ணினீங்க?"

"செப்டம்பர் பதினஞ்சு."

"இன்னிக்கு அக்டோபர் பதினஞ்சு."

"ஆமா மேடம்."

"ஒரு மாசம் ஏன் சொல்லல?"

தலைவலி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆவுடை என்னைப் பார்க்கவில்லை. மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதலிடம் நல்லா இருந்துச்சு மேடம்."

"சரி. அதையும் கேட்டுடறேன். ஆகஸ்ட்ல சந்தனம் கிடையாது. தினம் ஏழு மணி நேரம் கை வச்சிருந்தீங்களே, அது யாரு?"

"அது என் கைதான் மேடம். கை மட்டும்தான் வேலைக்கு வந்துச்சு. மத்ததெல்லாம் ஒறங்கிட்டு இருந்துச்சு."

மதுரவல்லி சிரிக்கவில்லை. எதையோ எழுதினார். என்னை வெளியே இருக்கச் சொன்னார். கதவைச் சாத்தும்போது, "ஆவுடையம்மாள், நீங்க சொல்லுங்க" என்ற அவர் குரல் கேட்டது. ஆவுடை பேசத் தொடங்கினாள். வெகுநேரம் பேசினாள்.

அக்டோபர் 17, வெள்ளி

மூன்று கடிதங்கள் வந்தன.

ஒன்று: ஆவுடையம்மாளின் ஒப்பந்தம் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்படுகிறது. செப்டம்பர் 5-ஆம் தேதிக் கடிதம் திரும்பப் பெறப்படுகிறது. இனி அடித்தவரின் முதலெழுத்தைப் பார்த்துப் பக்கங்கள் எண்ணப்படும்; அடிக்கப்பட்டதைச் சரிபார்க்கும் பொறுப்பு அவருக்கு.

அதில் தேதி தவறு. கடிதம் எழுதப்பட்டது 4-ஆம் தேதி. 5 அவளுடைய பதிலின் தேதி. ஆவுடை படித்ததும் சிவப்பு மையால் வட்டம் போட்டு, "இதத் திருத்தி அனுப்பச் சொல்லுங்க சார், இல்லன்னா என் பதிலத்தான் வாபஸ் வாங்கினதா ஆயிரும்" என்றாள். பொறுப்பை அன்றே ஏற்றுக்கொண்டுவிட்டாள்.

இரண்டு: தீனதயாளன் சென்னைக்கு வந்து விளக்கம் தர வேண்டும்.

மூன்று: கண்காணிப்பாளர் பதவி நிறுத்திவைக்கப்படுகிறது. மறு உத்தரவு வரை குற்றாலிங்கம் பன்னிரண்டாவது ஆபரேட்டர்.

மேற்பார்வையாளர் பதவி பற்றிக் கடிதம் எதுவும் இல்லை. நான் எதிர்பார்க்கவுமில்லை. கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

அக்டோபர் 18, சனி

டாக்டரிடம் போனேன். நாட்குறிப்பைக் கேட்டார். வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்றேன். பையில்தான் இருந்தது. "பகல்ல தூக்கம் வருதா?" என்றார். "வருது. தெனமும் ரெண்டு மணி நேரம்" என்றேன். சண்முகவடிவு என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரவு முழுவதும் என் மூச்சைக் கணக்கெடுக்க ஒரு கருவி இருக்கிறதாம். அது எதை அளக்கிறது, எதை அளக்காது என்று விவரமாகக் கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொண்டேன்.

நவம்பர் 3, திங்கள்

ஆபரேட்டராக முதல் முழு நாள். மூன்றாவது மேஜைக்கு எதிரே உட்கார்த்தியிருக்கிறார்கள். ஜாகிர் இரண்டு கையாலும் அடிக்கிறான். சத்தம் மழை மாதிரி இருக்கிறது.

எனக்கு இரண்டு விரல்தான் வரும். 1961-ஆம் வருடக் கிரயப் பத்திரம் ஒன்று. நாலு பக்கம். எழுத்தருக்குக் கை நடுக்கம் இருந்திருக்கிறது. மூன்றரை மணிக்கு முடித்து, அடியில் 'கு' என்று போட்டு, சரிபார்க்கக் கொடுத்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த எழுத்தைச் சில நொடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆவுடை படித்தாள். நிமிர்ந்தாள்.

"சார், கிணறு எங்க இருக்கு?"

"வடக்க."

"வடக்கயா இருக்கு? நல்லாப் பாருங்க. 'கிணற்றுக்கு வடக்கு.' நிலம்தான் வடக்க. கிணறு தெக்க. நீங்க அடிச்சிருக்கத வச்சுப் பாத்தா, அறுபது வருசமா அவ்வொ தண்ணி எறைச்ச கிணத்த அடுத்த வயக்காரனுக்குத் தூக்கிக் குடுத்திருக்கிய. நாளைக்கு அவ்வொ பேரன் கோர்ட்டுல போயி நிப்பான்."

ஜாகிர் அடிப்பதை நிறுத்திவிட்டான். "சார் இன்னைக்குத்தான முழிச்சாரு, முழிச்ச உடனே கிணறா?"

"நீ ஒம் பக்கத்தப் பாருல. அதுல ஒரு தெருவே காணல."

பக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஒரு சொல்லைத்தான் மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். அதை மாற்றினால் அடுத்த வரியில் வாய்க்கால் இடம் மாறிவிடுகிறது. வாய்க்காலைச் சரிசெய்தால் ஒரு பனைமரம் ரோட்டில் நிற்கிறது. முழுப் பக்கத்தையும் புதிதாக அடித்தேன். நடுவில் எந்த மணி அடித்தது, யார் டீ கொண்டுவந்தார்கள் என்று தெரியவில்லை.

ஐந்தே முக்காலுக்குக் கிணற்றை உரியவர் வசம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.